கல்வாழையைத் தோண்டிப் பிரித்து நடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற வழியில், கல்வாழை ஒரு வரிசையாக நிற்கிறது. மாம்பலத்தில் இருந்த அத்தை வீட்டை இடிக்கும்போது மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்த நான்கு கிழங்கிலிருந்து வந்த வரிசை அது. வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பிரிப்பேன். மிஞ்சியதைச் சாக்கில் போட்டு கேட்டுக்கு வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் சாக்கு காலி. பத்து நாள் கழித்து, "அந்தக் கிழங்கு வாங்கிட்டுப் போனேனே..." என்று ஆரம்பித்து போன் வரும். ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேள்வியையும் பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

கல்வாழை என்பது எது? வாழையில் ஒரு வகையா?

ரயில் நிலைய நடைமேடை ஓரத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் செங்கல்லைச் சாய்த்து நட்டு பாத்தி கட்டியிருப்பார்களே, அதில் அகல இலையோடு சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கிற செடி. பூவாழை என்றும் சொல்வார்கள். நர்சரியில் 'கேனா' என்று கேட்டால்தான் புரியும். மலைப்பக்கத்தில் கல்வாழை என்றால் பாறை இடுக்கில் வளரும் ஒரு காட்டு வாழையைக் காட்டுவார்கள். அது வேறு, அதற்கு இங்கே வேலை இல்லை.

வாழைக்கு இது தூரத்துச் சொந்தம். வாழை, இஞ்சி, மஞ்சள், ஹெலிகோனியா எல்லாம் ஒரே பெரிய வம்சம். கல்வாழைக்கு மட்டும் அதற்குள் தனிக் குடும்பம். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'கேனா இண்டிகா' என்று பெயர் வைத்தார். பெயரில் இந்தியா இருப்பதால் நம் ஊர்ச் செடி என்று பலர் நினைக்கிறார்கள். பெயர்தான் அப்படி, ஊர் அதுவல்ல.

இன்னொரு வேடிக்கை. நாம் இதழ் என்று பார்த்து ரசிப்பது இதழே இல்லை, அகலமாக உருமாறிய மகரந்தத் தாள்கள். நிஜ இதழ்கள் குறுகலாக, பச்சையும் சிவப்புமாக அடியில் ஒதுங்கிக் கிடக்கும். ஒரு பூவில் மகரந்தம் இருப்பது பாதித் தாளில்தான். பூவைப் பிய்த்துப் பார்த்தால் தெரியும்.

நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் தோண்டிப் பிரிக்க வேண்டும்?

ஒரு தண்டு ஒரு முறைதான் பூக்கும். உச்சியில் கொத்து வந்து, பக்கத்தில் இன்னொரு கொத்தும் விட்டு, அதோடு அந்தத் தண்டின் கதை முடிந்தது. அடுத்த பூவுக்குப் பக்கத்திலிருந்து புதுக்கன்று கிளம்பி வர வேண்டும். மண்ணுக்குள் கிழங்கு ஒவ்வொரு கணுவாக வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பதால், இரண்டு வருஷம் விட்டால் தூரின் நடுவில் வைரம் பாய்ந்த பழங்கிழங்கும் காய்ந்த வேருமாக ஒரு வட்டம் வெறிச்சென்று கிடக்கும், சுற்றி மட்டும் இலை நிற்கும். கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு மெலிந்து வளரும். பூ சிறுக்கும், அப்புறம் குறையும்.

பனி விழுகிற நாடுகளில் குளிருக்கு முன் கிழங்கைத் தோண்டி உள்ளே எடுத்து வைத்து, வசந்தத்தில் திரும்ப நடுவார்கள். பிரிக்கிற வேலை அதிலேயே முடிந்துவிடும். சென்னையில் குளிர் என்று ஒன்று இருந்தால்தானே! பன்னிரண்டு மாதமும் வளர்வதால் தூர் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. தரையில் இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு வருஷம். தொட்டியில் என்றால் கண்டிப்பாக வருஷா வருஷம்.

சென்னையில் எந்த மாதம் பிரிப்பது நல்லது?

எனக்கு ஒத்து வந்தது தை கடைசியும் மாசியும். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மாசியில் நட்டது கத்திரிக்கு முன்னால் வேர் பிடித்து நின்றுவிடும். அதைத் தவறவிட்டால் ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கல்வாழைக்கும் பொருந்தும். சாயங்காலம் அவ்வப்போது இடி மழை வரும், ஐப்பசி அடைமழைக்குள் செடி இடுப்பளவு வந்துவிடும்.

கூடாத காலம் இரண்டு. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி ஒன்று. நட்ட துண்டு முளைப்பதற்குள் மேல்மண் சுட்டுவிடும். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை. சென்னையில் வருஷத்துக்குப் பெய்கிற சுமார் 1400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்துக் களிமண்ணில் அப்போது தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும், வெட்டுப்பட்ட கிழங்கு அப்படியே கூழாகும்.

இதைக் கேட்டுவிட்டு, "கல்வாழை தண்ணீரில் நிற்கிற செடியாச்சே?" என்று மடக்குவார்கள். நிற்கும்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கொல்லையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வடிவதற்கு நாலைந்து நாள் ஆனது. ரோஜா போனது, கறிவேப்பிலை போனது, கல்வாழை சேற்றைப் பூசிக்கொண்டு நின்றது. ஆனால் அந்த ஐப்பசியில் அவசரப்பட்டு நான் பிரித்து நட்ட ஆறு துண்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. வேர் பிடித்த செடிக்கு வெள்ளம் பொருட்டில்லை. வெட்டின கிழங்கு பச்சைப் புண்ணோடு இருக்கிறது, அது தாங்காது.

தோண்டுவது எப்படி?

முதல் நாள் சாயங்காலம் தூருக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த களிமண்ணில் கடப்பாரையைப் போட்டால் மண்ணோடு சேர்ந்து கிழங்கும் உடையும், இடுப்பும் உடையும். மறுநாள் காலை எல்லாத் தண்டையும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். பூத்து நிற்கிற தண்டை வெட்ட மனசு வராது. அதை மட்டும் விட்டுவைத்தால் நட்ட பிறகு வேர் இல்லாமல் அந்த இலைகளுக்குத் தண்ணீர் ஏற்ற முடியாமல் கிழங்குதான் சுருங்கும். பூவைச் சொம்பில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தூரைச் சுற்றி ஒரு முழம் தள்ளி மண்வெட்டியை இறக்குங்கள். கிட்டப் போனால் வெளிப்பக்கத்து இளங்கிழங்கு வெட்டுப்படும், நமக்கு வேண்டியது அதுதான். கிழங்கு ரொம்ப ஆழத்தில் இருக்காது, அரை அடிக்குள்தான். நாலு பக்கமும் மண் இளகியதும் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் தூர் ஒரு கட்டியாகக் கிளம்பும். இரண்டு வருஷத் தூர் என்றால் இன்னொரு ஆளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான் கடப்பாரையை எடுத்தாலே அவருக்கு எங்கேயோ முக்கியமான வேலை வந்துவிடும்.

கட்டியைக் குழாயடியில் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. கழுவாமல் வெட்டினால் முளை எங்கே, அழுகல் எங்கே என்று தெரியாது. கழுவிப் பார்த்தால் கிழங்கு எப்படிக் கிளைத்திருக்கிறது என்பது இஞ்சியைக் கையில் வைத்துப் பார்ப்பது போலத் தெரியும். பாதி இடத்தில் கையாலேயே ஒடித்துவிடலாம். வராத இடத்தில் மட்டும் கத்தி.

ஒரு துண்டில் எத்தனை முளை இருக்க வேண்டும்?

இரண்டு, மூன்று. ஒற்றை முளையும் வரும், பூக்க நாளாகும். முளை என்பது கிழங்கின் கணுவில் கூம்பாக, வெள்ளையாகவோ லேசான சிவப்பாகவோ புடைத்து நிற்பது. சிவப்புத் தண்டு ரகங்களில் முளையும் சிவப்பாக இருக்கும். நடுவில் இருக்கும் பழுப்பேறிய, அழுத்தினால் சக்கையாக உள்ளே போகிற கிழங்கைத் தயங்காமல் எறியுங்கள்.

பேராசையில் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டாம். புதுத் தண்டு தன் வேரை விடும் வரை அந்தத் துண்டில் இருக்கிற மாவுதான் அதற்குச் சாப்பாடு. உள்ளங்கை அளவாவது இருக்கட்டும்.

வெட்டின இடத்தில் மஞ்சள் தூளா, சாம்பலா?

இரண்டில் எது கையில் கிடைக்கிறதோ அது. நான் விறகுச் சாம்பல் தொட்டு வைப்பேன். முக்கியம் பூசுவது இல்லை, ஆற விடுவது. நிழலில் தாளின் மேல் பரப்பி ஒரு நாள் வைத்தால் வெட்டுவாய் தோல் கட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் வேறு வழியில்லாமல் நடுகிறவர்கள் உரக்கடையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைத் தூளை வாங்கி, தொழு உரத்தோடு கலந்து குழியில் போடலாம்.

எவ்வளவு ஆழம்? எப்படிப் படுக்க வைப்பது?

கிழங்கைப் படுக்கையாக, முளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, மேலே நாலு விரற்கடை மண். எது மேல், எது கீழ் என்று தெரியாவிட்டால் கவலை வேண்டாம், தானே திரும்பிக்கொள்ளும். செடிக்குச் செடி ஒன்றரை அடி, உயர ரகமானால் இரண்டு அடி. நட்ட புதிதில் இடம் வெறிச்சென்று இருப்பதைப் பார்த்து நடுவில் இன்னும் நாலு துண்டு சொருகத் தோன்றும். சொருகினால் ஆறு மாதத்தில் மறுபடி தோண்ட வேண்டி வரும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோர மணலில் தொழு உரம் தாராளமாகப் போடுங்கள், குழிக்கு ஒரு சட்டி. மணலில் தண்ணீரும் சத்தும் நிற்காது. எங்கள் பக்கத்துக் களியில் உரத்தோடு மணலும் செம்மண்ணும் கலந்து பாத்தியைத் தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே தூக்கிவிட வேண்டும். வெயில் முக்கியம். அரை நாளாவது நேர் வெயில் பட வேண்டும். மாமர நிழலில் வைத்துவிட்டு "இலையாவே வருது" என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்?

நட்டு மூன்று வாரம் ஆகிறது, ஒன்றும் காணோம்.

அநேகமாகத் தண்ணீர் அதிகம். முளை வெளியே தலைகாட்டும் வரை மண் ஈரமாக இருந்தால் போதும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. இலை விட்ட பிறகு எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். விரலால் மெதுவாக மண்ணை விலக்கிக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தால் பொறுத்திருங்கள். கொழகொழத்து நாறினால் எடுத்து எறிந்துவிட்டு வாருங்கள், வேறு துண்டு தருகிறேன். மாசியில் நட்டால் எங்கள் வீட்டில் இரண்டு வாரத்தில் முளை, மூன்று மாதத்தில் பூ.

மொட்டை மாடியில், தொட்டியில் வருமா?

குட்டை ரகம் வரும், இரண்டிலிருந்து மூன்று அடி உயரம் போகிறது. ஆளுயரச் சிவப்பைத் தொட்டியில் வைத்தால் மாடிக் காற்றுக்குச் சாய்ந்துகொண்டே இருக்கும். 15 அங்குல அகலமாவது வேண்டும். வளர்ப்புப் பையில் வைத்தவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள்: பை ஒரு பக்கம் புடைத்து, தையல் விட்டு, கிழங்கு வெளியே எட்டிப் பார்க்கும். அதுதான் பிரிக்கச் சொல்லிக் கேட்கிறது என்று அர்த்தம். மண்தொட்டியானால் விரிசல் விடும். தொட்டியை உடைக்க மனசில்லாமல் கத்தியை விட்டு நோண்டுவதைவிட, ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் படுக்கப் போட்டு உருட்டித் தட்டினால் மண்கட்டி தானே வழுக்கி வரும்.

ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டிக்குக் காலை, மாலை இரண்டு வேளைத் தண்ணீர். இதற்கு ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் வேறு செடி வைக்கலாம்.

விதை போட்டு வளர்க்கலாமே?

வளர்க்கலாம். பொறுமை வேண்டும், அதோடு என்ன நிறம் வருமோ என்ற துணிச்சலும் வேண்டும். கிழங்கைப் பிரித்து நட்டால் தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. விதை அப்படி இல்லை. பழைய சாதாரணச் சிவப்பு விதையில் ஓரளவு அதே மாதிரி வரும். இன்று நாம் வளர்க்கும் பெரிய பூ ரகங்கள் கலப்பினம். 1840களில் பிரான்சில் தியோடர் அன்னே என்பவர் ஆரம்பித்து வைத்த கலப்பு, பிற்பாடு நம் நாட்டிலும் கொல்கத்தா அலிப்பூர் தோட்டக்கலைச் சங்கத்தில் சிட்னி பெர்சி-லங்காஸ்டர் கையில் பல ரகங்களாகப் பெருகியது. இவற்றின் விதையில் எந்தப் பாட்டன் முகம் வரும் என்று சொல்ல முடியாது. பல கலப்பு ரகங்கள் விதையே வைக்காது.

வைத்தால், முள்முள்ளாக இருக்கும் காய் காய்ந்து வெடித்ததும் உள்ளே மிளகைவிடப் பெரிதாகக் கறுப்பு உருண்டைகள் இருக்கும். கடித்தால் பல்தான் போகும். கல் மாதிரி விதை இருப்பதால்தான் கல்வாழை என்று அத்தை சொல்வார். அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், ஏனென்றால் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, கறுப்புக்கு உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போடுங்கள். ஊறிப் பருத்ததை நட்டால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். நகவெட்டியாலும் கொஞ்சம் கிள்ளலாம். எம்பி விழும், குழந்தைகளைத் தேட விடுங்கள்.

அந்தத் தோல் எவ்வளவு கெட்டி என்பதற்கு ஒரு கதை உண்டு, கட்டுக்கதை இல்லை. அர்ஜென்டினாவில் ஒரு பழைய கல்லறையில், அக்ரூட் ஓட்டுக்குள் கல்வாழை விதையைப் போட்டுச் செய்த ஒரு கிலுகிலுப்பை கிடைத்தது. கார்பன் கணக்குப்படி சுமார் 600 வயது. அந்த விதை முளைத்தது. 1971இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் அந்த வயதுக் கணக்கு வெளியானது. அக்ரூட் காய் பச்சையாக இருக்கும்போது ஓடு இளசு, அது முற்றுவது அதற்குப் பிறகுதான். அந்தக் காலத்து மக்கள் அந்த இளம் காய்க்குள் கல்வாழை விதையை நுழைத்து, இரண்டும் சேர்ந்து முற்ற விட்டிருக்கிறார்கள். எங்கள் பேத்திக்கு நான் செய்து கொடுத்தது காலி மாத்திரை டப்பாவில்.

தண்டை வெட்டி நட்டால் வேர் விடுமா?

விடாது. நாம் பார்க்கும் தண்டில் பாதிக்கு மேல் இலைக்காம்பு சுற்றியது. கிழங்கு ஒட்டிக்கொண்டு வந்தால் வரும், அது கிழங்கினால் வருவது.

சிவப்பும் மஞ்சளும் சேர்த்து நட்டேன். இரண்டு வருஷத்தில் எல்லாம் சிவப்பாகிவிட்டது. நிறம் மாறுமா?

இது எனக்கு வரும் கேள்விகளில் சண்டைக்கு வருகிற கேள்வி. "மஞ்சள்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

மாறவில்லை, தோற்றுவிட்டது. நாட்டுச் சிவப்பு முரட்டுச் செடி. அதன் கிழங்கு நகர்கிற வேகத்துக்கு மஞ்சள் ஈடு கொடுக்காது. பக்கத்தில் வைத்தால் ஊடே புகுந்து நிழல் கட்டி நெருக்கிவிடும். போதாக்குறைக்குச் சிவப்பின் விதை உதிர்ந்து மஞ்சளின் தூருக்குள்ளேயே முளைக்கும். பார்க்கிறவருக்கு ஒரே தூரில் நிறம் மாறியது போலத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடப்பைக் கல்லைக் குத்தாகப் புதைத்து வைத்த பிறகு எங்கள் வீட்டில் மஞ்சள் பிழைத்தது. பூ உதிர்ந்ததும் காய்க்கொத்தைக் கிள்ளிவிட்டால் விதைத் தொல்லையும் இல்லை, அடுத்த கொத்தும் சீக்கிரம் வரும்.

நிஜமாகவே மாறுகிற ஒரு ரகமும் உண்டு. கிளியோபாட்ரா என்பார்கள். மஞ்சள் பூவில் சிவப்புத் திட்டு, சில சமயம் பாதிப் பூ மஞ்சள் பாதிப் பூ சிவப்பு, இலையில்கூடக் கருஞ்சிவப்புப் பட்டை. ஒரே செடிக்குள் இரண்டு விதமான திசுக்கள் கலந்து இருப்பதால் வரும் விளையாட்டு இது. ஒரு கன்று முழு மஞ்சளாகவோ முழுச் சிவப்பாகவோ கிளம்பினால் அதன் கிழங்கிலிருந்து வருவதும் அப்படித்தான். ஆகவே அந்த ரகத்தைப் பிரிக்கும்போது பட்டையும் திட்டும் இருக்கும் தண்டுக்குப் பக்கத்து முளையை மட்டும் எடுங்கள். வெட்டுவதற்கு முன்பே தண்டில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துவிடுவது நல்லது.

இலையில் மஞ்சள் கோடு விழுகிறது. சத்துக் குறைவா?

முதலில் ரகத்தைப் பாருங்கள். பச்சையில் மஞ்சள் கோடு போட்ட இலையோடு, ஆரஞ்சுப் பூ பூக்கும் ரகம் ஒன்று உண்டு. அதன் கோடுகள் நரம்பு நெடுக ஒரே சீராக, வரைந்தது போல இருக்கும். அது அழகு, நோய் இல்லை.

கோடு அங்கங்கே விட்டுவிட்டு, வெளிறி, பிறகு பழுப்பாகக் காய்ந்து, இலை முறுக்கிக்கொண்டு, பூவிலும் வரி விழுந்தால் அது வைரஸ். மஞ்சள் தேமல் என்று சொல்லலாம். மருந்து கிடையாது. கல்வாழைப் பிரியர்கள் ஒளித்துப் பேசுகிற விஷயம் இது, ஏனென்றால் இதைப் பரப்புவதே நாம்தான். கிழங்கைப் பிரிப்பது என்றால் ஒரே செடியைப் பலதாக்குவது. நோயும் கூடவே பலதாகிப் போகும். மாவுப்பூச்சி, அசுவினி கடத்துகிற வைரஸ்களும் உண்டு, ஆனால் வீட்டுத் தோட்டத்தில் கிழங்கையும் கத்தியையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

சொந்த அனுபவம். ஒரு நர்சரியில் பிங்க் நிறம் என்று ஆசைப்பட்டு வாங்கி வந்தேன். இலை லேசாக வெளிறி இருந்தது. "புண்ணாக்குத் தண்ணி ஊத்துங்கம்மா, சரியாயிடும்" என்றார்கள். ஊற்றினேன். அந்தத் தையில் அதைப் பிரித்த கத்தியாலேயே அத்தை வீட்டு வரிசையில் பாதியைப் பிரித்தேன். ஆடிக்குள் பதினோரு செடி தேமல். எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. நான்கு கிழங்கில் ஆரம்பித்தது மறுபடி நான்கு கிழங்குக்கே வந்து நின்றது.

அதிலிருந்து மூன்று வழக்கம். புதுச் செடியைத் தனித் தொட்டியில் ஆறு மாதம் வைத்துப் பார்த்த பிறகே வரிசையில் சேர்ப்பேன். நோய்ச் செடியை உரக்குழியில் போடாமல் மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுவேன். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குப் போகும் முன், ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த வாளியில் கத்தியைச் சில நிமிஷம் போட்டு வைப்பேன். துருப்பிடிக்கும், உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும்.

புழு, நத்தை?

இலை சல்லடையானால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும் இளம் புழுக்களை இலையோடு கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் முடிந்தது. மழைக்காலத்தில் பெரிய நத்தை இரவில் வந்து இளம் முளையை மொட்டையடிக்கும். டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்து நான் பார்க்கவில்லை. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் துரு நோய், அந்த இலைகளை வெட்டி எடுத்துவிட்டு தூரைக் கொஞ்சம் கலைத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

துவைத்த தண்ணீரை விடலாமா? சோப்பு செடியைக் கொல்லாதா?

சென்னையில் கல்வாழை வைப்பதற்கு இதுவே போதுமான காரணம் என்பேன். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த நாட்களில் தோட்டத்துக்கு ஒரு சொம்பு ஊற்ற முடியவில்லை. மல்லி காய்ந்தது. கல்வாழை மட்டும் துவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பூத்தது. கழிவுநீரைச் செடி வைத்துச் சுத்தப்படுத்துகிற பாத்திகளில் உலகம் முழுக்க இதை வைக்கிறார்கள். வேர் ஈரத்திலேயே நிற்கத் தாங்கும், வேகமாக வளர்வதால் தண்ணீரிலிருக்கும் சத்தையும் நிறைய இழுத்துக்கொள்ளும்.

ஆனால் அப்படியே குழாயைச் செடியடியில் விட்டுவிடக் கூடாது. நாங்கள் வெட்டியது இரண்டு அடி ஆழ வாய்க்கால். அடியில் செங்கல் ஜல்லி, மேலே மணல், அதன் மேல் மண்ணும் கல்வாழையும். தண்ணீர் ஜல்லி வழியாகப் பரவ வேண்டும், அன்றைக்கே உள்ளே இறங்கிவிட வேண்டும். மேலே தேங்கினால் கொசு, கொசு வந்தால் டெங்கு. வாஷிங் மெஷினின் முதல் தண்ணீரில்தான் சோப்பு அதிகம், அதைச் சாக்கடைக்கு விட்டு அலசுகிற தண்ணீரைத் திருப்பிவிட்டால் நல்லது. ப்ளீச் போட்ட தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பாத்திரத் தண்ணீர் வேண்டாம். இலை ஓரம் கருகினால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம், மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஒரு நாள் வழிய விடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் துவைக்காமலேகூட இப்படி ஆகும்.

2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழி பலர் வீட்டில் கொல்லையில்தான் இருக்கும். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் வாய்க்காலைத் தள்ளி வெட்டுங்கள். கல்வாழை வடிகட்டுமே என்று நம்பிக் கிணற்றுக்கு விட எனக்குத் தைரியம் இல்லை.

இப்படி வளர்க்கும் வரிசையை வருஷம் தவறாமல் பிரித்தே ஆக வேண்டும். விட்டால் கிழங்கு ஜல்லிக்குள் இறங்கி அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே வரும். அப்போது தோண்டுவது தோட்ட வேலையாக இருக்காது, கொத்தனார் வேலையாக இருக்கும்.

கிழங்கைச் சாப்பிடலாமா? பூவைச் சாமிக்கு வைக்கலாமா?

தென் அமெரிக்காவில் இதில் ஒரு வகையைச் சாப்பாட்டுக்கே பயிரிடுகிறார்கள். வியட்நாமில் அதன் மாவில் கண்ணாடி மாதிரி சேமியா செய்கிறார்கள். துவைத்த தண்ணீர் குடித்த கிழங்கை நான் சாப்பிட மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். பூவுக்கு மணமில்லை, பறித்தால் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். செடியிலேயே விட்டால் தேன்சிட்டாவது வரும்.

எங்கே வாங்குவது?

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நர்சரிகள் இருக்கின்றன. பூத்து நிற்கும் செடியாகப் பார்த்து, இலையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அத்தை காலத்தில் செடி என்றால் கதீட்ரல் சாலை, 1835இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கத்துக்குப் போவார்கள். என்னைக் கேட்டால், பூ பிடித்திருக்கும் வீட்டுக் கதவைத் தட்டி, "மாமி, அடுத்த தடவை தோண்டும்போது ஒரு கிழங்கு குடுங்க" என்று கேளுங்கள். கல்வாழை வைத்திருக்கிறவர் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார், அவருக்கும் போட இடமில்லை.

வெளியூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும். கெடாமல் போகுமா?

போகும். மண்ணைக் கழுவி, வேரை ஒட்ட நறுக்கி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு துண்டையும் தனியாகச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். ஒரு வாரப் பயணத்தைத் தாராளமாகத் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் சுருங்கியிருந்தால் ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து நடச் சொல்லுங்கள்.

நிறத்தைத் தாளின் மேல் எழுதிவிடுங்கள், கிழங்கைப் பார்த்து மஞ்சளா சிவப்பா என்று சொல்வது கஷ்டம். கோயம்புத்தூர் நாத்தனாருக்கு நான் எழுதாமல் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வாசலில் நான்கும் சிவப்பாகப் பூத்திருந்த படம் வந்தது, அவர் கேட்டிருந்தது மஞ்சள்.